எந்த நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வணக்கம் நேயர்களே. நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் 'துரித உணவு சாப்பிடலாமா, கூடவே கூடாதா' என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன். கடைசியாக வெளியிலிருந்து வாங்கினீர்களே, வாங்கலாம் என்று எப்போது முடிவு செய்தீர்கள்? வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்பதுதான் பலருடைய பதில்.

அந்த நேரம் எப்படி இருக்கும் என்று எனக்கும் நன்றாகத் தெரியும். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கியிருக்க மாட்டோம், ஃபிரிட்ஜைத் திறந்தால் அரை வெள்ளரிக்காயும் மூடி போட்ட ஒரு கிண்ணமும்தான் இருக்கும், காலையில் போட்ட தட்டுகள் அப்படியே கிடக்கும், சின்னவன் பசிக்கிறது என்று கையைப் பிடித்து இழுப்பான், இன்னொரு கை தானாகப் போனை எடுத்துவிடும். அந்த நிமிடத்தில் சத்துணவு பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அதனால்தான் சொல்கிறேன், வெளியில் வாங்குகிற நாளைக் களைப்பு வந்து தீர்மானிக்க விடாதீர்கள். வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு மூச்சு விட நேரமில்லையோ அந்த நாளையே அதற்கென்று ஒதுக்கி, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை பீட்சா கேட்டால் "வியாழக்கிழமை வாங்கலாம்" என்கிறேன், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

முழுக்கத் தடை போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிறு பிள்ளைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிஷரும் பர்ச்சும் செய்த சோதனை 1999-இல் வெளிவந்தது. ஒரு தின்பண்டத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்க விடாமல் கட்டுப்படுத்தியபோது, பிள்ளைகளின் பேச்சும் கவனமும் அதைச் சுற்றியே இருந்தன, எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதும் அதைத்தான் அதிகம் எடுத்தார்கள். தடை போட்ட வீடுகளில் நான் பார்ப்பதும் இதேதான்.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, 2 வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் 2 வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, யாரும் விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு சாப்பிட்ட வாரங்களில் அவர்களையும் அறியாமல் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகப் போனது, எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது. மென்மையாக இருக்கிற உணவு, அதிகம் மெல்ல வேண்டாம், போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும்.

இதை யோசித்துத்தான் வியாழக்கிழமையில் ஒரு மாற்றம் செய்தேன். ஆர்டர் கொடுத்துவிட்டால் வந்து சேர அரை மணி நேரம் ஆகும் இல்லையா, பிள்ளைகள் நல்ல பசியில் இருக்கிற நேரம் அது. கேரட், வெள்ளரிக்காய், ஆப்பிள், எது இருக்கிறதோ அதை விரல் நீளத்துக்கு நறுக்கி மேசை நடுவில் வைத்துவிட்டு, சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் துணி மடிக்கப் போய்விடுவேன். முதல் தடவை திரும்பி வந்து பார்த்தபோது தட்டில் இரண்டே துண்டு வெள்ளரிக்காய்தான் மிச்சம், சின்னவன் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தான். அன்றைக்கு உருளைக்கிழங்கு வறுவலில் பாதி அப்படியே மீந்தது.

அப்புறம் குளிர்பானம். இதில் மட்டும் நான் கண்டிப்பு. 330 மில்லி கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது 8, 9 டீஸ்பூன். பெரியவர்களே சேர்த்துக்கொள்கிற சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25-க்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. பர்கர் வாங்குங்கள், கூட வருகிற பானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். உப்பும் அப்படித்தான், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஒரு பர்கரும் வறுவலும் பல சமயம் அதில் பாதியைத் தாண்டிவிடும், அதனால் அன்றைய மற்ற வேளைகளில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் இதையெல்லாம் 'குப்பை உணவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெட்டியைத் திறந்துவிட்டு, கையில் எடுத்த துண்டைச் சாப்பிடாமல் மகள் கேட்டாள், "அம்மா, நாம குப்பையா சாப்பிடுறோம்?" எனக்கு மனசு என்னவோ செய்தது. அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். நல்ல மார்க் வாங்கினால் பீட்சா என்று பரிசாகக் கொடுப்பதையும் விட்டேன், ஏனென்றால் பீட்சா பரிசு என்றால் காய்கறி என்பது அவர்கள் கட்ட வேண்டிய அபராதம் போல ஆகிவிடுகிறது.

மற்ற ஆறு நாளுக்கும் பெரிய சமையல் திட்டம் எதுவும் வேண்டாம். விடுமுறை நாளில் ஒரு பெரிய பாத்திரம் பயறு வேகவைத்து, ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். முட்டை இருக்கட்டும். உறைந்த காய்கறியில் சத்தே இல்லை என்று நினைத்து ஒதுக்காதீர்கள், பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். இவை மூன்றும் வீட்டில் இருந்தால், பையை இறக்கிய இருபதாவது நிமிடம் தட்டில் சூடாக ஏதாவது இருக்கும். கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி, வணக்கம்.