உடுத்திப் பழகிய துணி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு நாள் பீரோவைத் திறக்க வேண்டி வரும். அப்பாவின் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும். அம்மாவின் சேலைகள் அடுக்கியபடி இருக்கும். இவற்றை என்ன செய்வது? சில வீடுகளில் ஆற்றோடு விட்டுவிடுவார்கள். சிலர் போகிக்கு எரிப்பார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வந்தால் அவரிடம் போடுவதும் உண்டு. இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள், அது மிகவும் நல்ல காரியம். கொடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்றை எடுத்து வையுங்கள் என்பது என் வேண்டுகோள். எந்த இரண்டு மூன்றை என்பதுதான் இன்றைய பேச்சு.

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இறந்தவரின் துணியில் ஞாபகமாக ஏதாவது தைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டுப் புடவையோடுதான் வருவார்கள். கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்பட்டாக இருக்கும். அப்பா என்றால் பட்டு வேட்டி. இருப்பதில் உயர்ந்ததைக் கொண்டு வர வேண்டும் என்ற பிரியம் அது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் கேட்பேன்: "அம்மா வீட்டில் என்ன கட்டியிருப்பாங்க?" "சுங்குடிதான். அதெல்லாம் நைஞ்சு போச்சே அக்கா" என்பார்கள். "அதைக் கொண்டு வாங்க" என்பேன்.

காரணம் இரண்டு. ஒன்று, பழைய பட்டு மடிப்பிலேயே கீறிப்போகும். ஊசி போன இடமெல்லாம் விட்டுக்கொடுக்கும். ஜரிகையும் கனம். பருத்தி அப்படி இல்லை, துவைக்கத் துவைக்க இளகி மெத்தென்று ஆகிவிடும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது. பட்டைக் கட்டியது வருஷத்தில் நாலு நாள். சுங்குடியைக் கட்டிக்கொண்டுதான் உங்கள் அம்மா சோறு வடித்தார், உங்களைத் தூக்கினார், காய்ச்சலில் கிடந்தபோது முந்தானையால் முகம் துடைத்தார். நம் ஊரில் பிள்ளை பிறந்தால் தூளி கட்டப் பழம்புடவையைத்தானே தேடுகிறோம்? புதுத்துணி இருந்தாலும் அதைத் தொடுவதில்லையே!

ஒரு பெண் அவருடைய அப்பாவின் துணிகளோடு வந்தார். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டைகளை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தார். கட்டைப்பையின் அடியில் ஒரு காக்கிச் சட்டை சுருட்டிக் கிடந்தது. மற்ற துணிகளைச் சுற்ற எடுத்து வந்தாராம், வீட்டில் வண்டி துடைக்க வைத்திருந்ததாம். அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடது தோளில், தோல்பையின் வார் கிடந்த இடம் மட்டும் விரல்கடை அகலத்துக்குச் சல்லடையாக மெலிந்திருந்தது. பாக்கெட்டின் வாய் பேனா சொருகிச் சொருகித் தொங்கியிருந்தது, கீழே மைக்கறை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் தோளையே தடவிப் பார்த்துவிட்டு, "இதையே தைச்சிருங்க" என்றார்.

தலையணை உறை தைத்தோம். நேயர்கள் வீட்டிலேயே இதைச் செய்யலாம். சட்டைப் பட்டனைப் போட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஒரே அளவில் வெட்டி, உட்புறம் திருப்பி நாலு பக்கமும் தையுங்கள். பட்டனைக் கழற்றினால் அதுதான் உறையின் வாய். ஜிப் வேண்டாம். பாக்கெட் அப்படியே இருக்கட்டும். மெலிந்த தோளை நான் வெட்டி எறியவில்லை. பின்னால் மெல்லிய மல் துணி வைத்து, கையால் நெருக்கமாக நூலோட்டி உறையின் நடுவில் பதித்தேன். கறையையும் எடுக்கவில்லை.

தேய்மானத்தை மறைக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு வேறொரு ஊர்க் கதையும் காரணம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாகப் பருத்தித் தோட்டத்தில் உழைத்த கறுப்பின மக்களின் வாரிசுகள் வாழும் ஊர். அங்கே பலருக்கும் பெட்வே என்று குடும்பப் பெயர். அது தோட்ட முதலாளியின் பெயர், இவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். வயலில் உழைத்தவர். 1942இல், மிசூரி மகளைக் கூட வைத்துக்கொண்டு, கணவர் வேலைக்குப் போட்ட உடுப்புகளைக் கிழித்துப் பெரிய போர்வையாகத் தைத்தார். அவரை நினைப்பதற்கும், அன்புக்காக அதன் கீழே படுத்துக்கொள்வதற்கும் என்று அம்மா சொன்னதை மகள் அர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், வேலைக்குப் போட்ட உடுப்பு. மாதாகோவிலுக்குப் போட்டது அல்ல. வெயிலில் வெளுத்த இடமும் கறையும் அதில் தெரியும்படியே இருக்கின்றன. அலங்காரம் என்று எதுவும் இல்லை, கட்டங்களும் நீளமான பட்டைகளும்தான். அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அதெல்லாம் பின்னால் வந்த பெருமை. மிசூரி தைத்தது போர்த்திக்கொள்ள. பீரோவில் பூட்டி வைக்க அல்ல.

"இறந்தவர் துணியை வீட்டில் வைக்கலாமா, ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பயப்படுகிறவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் நம் தென்மாவட்டத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுகிறவர்கள் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பாவாடை தாவணி வைத்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள். போனவர்களைத் துணியில் நினைப்பது நமக்கு ஒன்றும் புதிது அல்ல.

கத்தரியை எடுப்பதற்கு முன் வீட்டில் எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அண்ணனுக்கு ஒரு சட்டை மேல் ஆசை இருக்கும், சொல்லாமல் இருப்பார். வெட்டிய பிறகு தெரிந்தால் அந்த வருத்தம் போகவே போகாது. வெட்ட மனசு வரவில்லையா? வெட்ட வேண்டாம். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்று அடுக்கு. ஒரு ஆள் போர்த்தும் போர்வை தயார். நைந்த பாகம் நடு அடுக்கிலும் முந்தானை மேலேயும் வருமாறு மடித்து, வரிவரியாக நூலோட்டினால் போதும். வங்காளத்தில் கந்தா என்று இப்படித்தான் தைப்பார்கள், பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது போல. குழந்தைத் துணிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பனியன் துணி இழுபடும், பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். டெரிகாட்டன் என்றால் சூடு குறைவாக இருக்கட்டும். தைத்து முடித்ததும் ஒரு மூலையில் அவர் பெயரையும் வருஷத்தையும் நூலால் எழுதுங்கள், பேனாவால் வேண்டாம், அழிந்துவிடும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். வாசனை போய்விடுமே என்று துவைக்கத் தயங்குகிறவர்கள், ஒரு துணியை மட்டும் துவைக்காமல் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.