பிரார்த்தனைதான் பெரிய துணை: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்த மழைக்காற்றிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்தவர்களும் இருக்கிறார்கள். 'மனம் உடைந்தவருக்குப் பெரிய ஆறுதல் அன்றாடப் பிரார்த்தனையா, அன்பான மனிதர்களா?' நான் பிரார்த்தனை அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் அம்மா மூன்று அடி அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். சாமியா வந்து கையைப் பிடிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்தானே பிடிக்கிறார் என்றார். அமெரிக்காவில் பிரார்த்தனைக்குப் பரீட்சை வைத்தார்கள், ஃபெயில் என்றார். கடைசியில் ஏர்வாடியைச் சொன்னார். கைதட்டல் பலமாக வந்தது. நானும் தட்டினேன் ஐயா. நல்ல பேச்சுக்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது?

வலிக்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவில் பிரார்த்தனை செய்தால் குணமாகும் என்று மனநோயாளிகளைக் கூட்டிவருகிற ஊர். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். 'பாருங்கள், பிரார்த்தனையை நம்பியவர்கள் கதி' என்றார் அம்மா. அம்மா, அவர்களைச் சங்கிலியில் கட்டியது பிரார்த்தனையா? கூட்டிவந்து விட்டுப்போனது சொந்தபந்தம். காசு வாங்கிக்கொண்டு பூட்டியது மனிதர்கள். உங்கள் அணி யாரைத் துணை என்கிறதோ, அவர்களேதான். அந்தக் குடும்பங்களை ஏசவும் எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் மனநல மருத்துவர் கிடையாது, கையில் பணம் கிடையாது, வீட்டில் வைத்துப் பார்க்கத் தெம்பு கிடையாது. அதனால் இதை எங்கள் அணி சார்பில் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்: மனநோய்க்கு மருத்துவர் வேண்டும், மாத்திரை வேண்டும். அதற்குப் பதிலாகப் பிரார்த்தனை என்று யாராவது சொன்னால் அவர்கள் எங்கள் அணியில் இல்லை. இன்றைக்கு அதே ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசின் மனநல சிகிச்சையும் நடக்கிறது. மருந்தும் துஆ என்கிற பிரார்த்தனையும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டை இந்த மேடையில்தான்.

அடுத்து அமெரிக்கப் பரீட்சை. 2006-இல் வெளிவந்த ஆய்வு அது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட சுமார் 1,800 பேர், ஆறு மருத்துவமனைகள். சிலருக்காக வெளியாட்கள் இரண்டு வாரம் ஜெபித்தார்கள். பலன் ஒன்றும் தெரியவில்லை. 'உனக்காக ஜெபிக்கிறார்கள்' என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் அதிகமாகக்கூட இருந்தது. அம்மா சொன்னது உண்மைதான், ஒரு வரியையும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே சோதித்தது எதை? முகம் தெரியாத ஒருவர், நோயாளியின் பெயரில் பாதியை வைத்துக்கொண்டு, எங்கோ இருந்து செய்த ஜெபத்தை. நம் தலைப்பு அதுவா? ஒருவர் தானே, தன் வீட்டில், தினமும் செய்கிற பிரார்த்தனை அவருக்கு ஆறுதல் தருகிறதா என்பதல்லவா கேள்வி? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஆய்வு வேறு ஒன்று. 2001-இல் இத்தாலியில் செய்தார்கள். ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், ஒரு யோக மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். எதைச் சொன்னாலும் மூச்சு தானாகவே நிதானப்பட்டு நிமிடத்துக்கு ஆறு என்கிற அளவுக்கு வந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் அந்த மூச்சோடு சேர்ந்து நடை போட்டன. கடவுள் இருக்கிறார் என்பதற்கு இது சாட்சி இல்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்ல நம் நடுவரைக் கூப்பிடவும் இல்லை. மேரி மாதா பெயரைச் சொன்ன வாயும் மந்திரம் சொன்ன வாயும் ஒரே நிதானத்துக்கு வந்தன என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி.

சரி, இப்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம்.

துக்க வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ஆறுதல் சொல்ல வருகிற மனிதர்களை உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? 'எந்த ஆஸ்பத்திரியில காட்டுனீங்க?' 'இந்த ஆஸ்பத்திரியிலங்க.' 'அடடா, அங்கயா போனீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!' முடிந்தது கதை. ஆறுதல் வாங்க உட்கார்ந்தவர் அன்று முதல் குற்றவாளி. இன்னொருவர் வருவார். நம் கதையில் பாதி கேட்டதும், 'எங்க மச்சானுக்கு இதைவிட மோசம்' என்று தன் கதையைத் தொடங்குவார். அப்புறம் நாம்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, காபி கொடுத்து அனுப்ப வேண்டும். இவர்கள் கெட்டவர்கள் இல்லை ஐயா. வந்தார்களே, அதுவே பெரிது. ஆனால் மனிதர் தருகிற ஆறுதலுக்கு நேரம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடியும். பந்தலைப் பிரிப்பார்கள். வாடகை நாற்காலி வண்டியில் ஏறும். 'எதுன்னாலும் போன் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டு அவரவர் ஊருக்கு பஸ் ஏறுவார்கள். பதினேழாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

துக்கத்தைச் சுமக்கிற அந்த வீட்டு அம்மா இருக்கிறார், விளக்கு இருக்கிறது. திரியைத் திரித்துப் போட்டு, எண்ணெய் ஊற்றி, பற்ற வைத்துவிட்டு முன்னால் உட்காருகிறார். அங்கே 'எங்ககிட்ட கேட்டிருக்கலாமே' என்று யாரும் சொல்வதில்லை. பாதியில் குறுக்கிட்டுத் தன் மச்சான் கதையை யாரும் எடுப்பதில்லை. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம். 'இதையே எத்தனை தடவை சொல்லுவ' என்று முகம் சுளிக்க அங்கே ஆளில்லை. அழலாம், திட்டலாம். திட்டுவதுகூட நம் ஊர் பக்தியில் சேர்த்திதான். கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் நின்று, நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று சிவனிடமே கோபித்துக்கொண்டாரே! எந்த உறவினரிடம் அப்படிப் பேசிவிட்டு மறுநாளும் அதே உரிமையோடு அவர் வாசலுக்குப் போக முடியும்?

எதிரணி ஒரு சொல்லைக் கவனிக்கவே இல்லை. தலைப்பில் 'அன்றாட' என்று இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போடுகிறோமே, அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. அது பேரம். நானும் போட்டிருக்கிறேன், மார்க் வேறு விஷயம். தினமும் செய்வதுதான் எங்கள் கட்சி. ஏரியைக் கோடையில் தூர்வாரி வைத்தால்தான் ஐப்பசி மழையைப் பிடிக்கலாம். மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை. ஒன்றும் நடக்காத சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளில் செய்து பழகிய பிரார்த்தனைதான், உலகமே இடிந்து விழுகிற ஒரு செவ்வாய்க்கிழமையில் கைகொடுக்கும்.

இதை எல்லாச் சமயத்தாரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஒரு நாளை ஐந்து இடத்தில் நிறுத்திவைக்கிறது தொழுகை. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் படுத்தபடி தொழலாம். உடம்பு விழுந்தாலும் பழக்கம் விழக்கூடாது என்கிற கரிசனம் அதில் இருக்கிறது. இஞ்ஞாசியார் என்று ஒரு ஸ்பானியப் போர்வீரர். 1521-இல் பாம்பலோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் தன் மனம் எதற்குப் பொங்குகிறது, எதற்கு வற்றுகிறது என்று கவனிக்கத் தொடங்கினார். இயேசு சபையை நிறுவிய பிறகு தன் சபையாருக்கு அவர் கொடுத்த பழக்கங்களில் ஒன்று ஆன்ம சோதனை. இன்று எது நன்றாக நடந்தது, அதற்கு நன்றி. எங்கே வழுக்கினேன், யாரைக் காயப்படுத்தினேன். நாளைக்கு என்ன செய்யப்போகிறேன். இவ்வளவுதான், கால் மணி நேர வேலை. சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் இதைச் செய்யலாம், யாரும் ரசீது கேட்கமாட்டார்கள்.

இப்போது என் பெரிய சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறேன். காந்தி.

மனிதத் துணைக்குக் குறைவில்லாத மனிதர் என்றால் இந்த நாட்டில் அவர்தான். போகிற இடமெல்லாம் கூட்டம், ஒரு சொல் சொன்னால் கோடிப் பேர் கேட்பார்கள். 1946 அக்டோபரில் நவகாளியில் மதக் கலவரம், இன்றைக்கு அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. நவம்பரில் காந்தி அங்கே போனார். வயது 77. போய் என்ன செய்தார்? கூட வந்தவர்களை ஆளுக்கு ஒரு கிராமமாக அனுப்பிவிட்டார். தான் ஸ்ரீராம்பூர் என்ற கிராமத்தில் ஓரிரு உதவியாளர்களோடு தங்கிக்கொண்டார். தன்னைச் சுற்றி இருட்டாக இருக்கிறது, வழி தெரியவில்லை என்று அவரே ஒளிக்காமல் சொன்ன காலம் அது. நடுவர் ஐயா, அந்த இருட்டில் அவர் சுற்றியிருந்த துணையைக் குறைத்துக்கொண்டார், பிரார்த்தனையைக் குறைக்கவில்லை. அதிகாலை நாலு மணிக்கு ஒன்று, மாலையில் ஊருக்கு நடுவே ஒன்று. 1947 ஜனவரியில் செருப்பில்லாமல் கிராமம் கிராமமாக நடக்கத் தொடங்கினார். போகிற பாதையில் அசிங்கத்தைக் கொட்டி வைத்தார்கள். ஒதுக்கிவிட்டு நடந்தார். சாயங்காலம் மறுபடியும் பிரார்த்தனை. அதில் கீதையும் உண்டு, குர்ஆன் வசனமும் உண்டு.

டெல்லியில் குர்ஆன் வாசிக்கக்கூடாது என்று ஆட்சேபம் கிளம்பியபோதும் அவர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியை நடத்தச் சம்மதிக்கவில்லை. 1948 ஜனவரி 20 அன்று பிரார்த்தனைக் கூட்டத்திலேயே குண்டு வெடித்தது. மறுநாளும் கூட்டம் நடந்தது. 30-ஆம் தேதி படேலோடு பேச்சு நீண்டுபோய், பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்துபோனவரைத்தான் சுட்டார்கள். 'அப்படியானால் பிரார்த்தனை அவரைக் காப்பாற்றவில்லையே' என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். குண்டு துளைக்காத சட்டை என்று பிரார்த்தனையை நாங்கள் விற்கவில்லை. தலைப்பு ஆறுதல். பயத்தில் சுருங்கிப்போய் வீட்டுக்குள் உட்கார எல்லாக் காரணமும் இருந்த பத்து நாட்களில், ஒரு கிழவரைத் தினமும் எழுந்து நடக்கவைத்தது எது என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இன்னொரு சாட்சி நம் தெருவிலேயே இருக்கிறார். குடியை விட்டவர். அவரைக் கேலி செய்யாதீர்கள், இந்த அரங்கிலும் இருக்கலாம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இருவரும் குடிக்கு அடிமையானவர்கள், சந்தித்துப் பேசியதிலிருந்து பிறந்தது, குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. நம் ஊர்களிலும் கூட்டங்கள் நடக்கின்றன, பல இடங்களில் சர்ச்சுக் கூடங்களில். 'ஆஹா, மனிதரும் மனிதரும் சந்தித்துத்தானே' என்று பேராசிரியர் அம்மா குறிப்பெடுக்கிறார். எடுங்கள் அம்மா, பாதி மதிப்பெண் உங்களுக்கே. மீதிப் பாதியைக் கேளுங்கள். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் பத்தாவது, தன்னைத் தானே தொடர்ந்து கணக்குப் பார்ப்பது. பதினொன்றாவது, பிரார்த்தனையும் தியானமும். ஏன் வைத்தார்கள்? கூட்டம் ஒரு மணி நேரம் நடக்கும். கூட இருந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். டாஸ்மாக் கடை போகாது, அங்கேயே இருக்கும். அந்தக் கடையைத் தாண்டி வீடு போய்ச் சேர அவர் தனக்குள் சொல்லிக்கொள்கிறார்: மாற்ற முடியாததை ஏற்க அமைதி கொடு, மாற்ற முடிந்ததை மாற்றத் துணிவு கொடு, எது எது என்று தெரிந்துகொள்ளத் தெளிவு கொடு. ஆயுள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று அவர் சபதம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன். நாளைக் காலையில் மறுபடியும், இன்று ஒரு நாள். நம்பிக்கையை இதைவிடச் சில்லறையாக மாற்றிக் கொடுக்க எனக்குத் தெரிந்து வேறு இடம் இல்லை.

பிரார்த்தனை மனிதனைச் சோம்பேறி ஆக்கும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொள்வான் என்றும் ஒரு வரி விழுந்தது. வடலூருக்குப் போய்ப் பாருங்கள். 1867-இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று பற்றவைத்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1872-இல் சத்திய ஞான சபை. முதலில் சோறு, பிறகுதான் சபை. பசித்தவன் முன்னால் கண்ணை மூடி உட்காரச் சொன்னவர் இல்லை அவர். இவ்வளவு போதும், வடலூர்க்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். எனக்குப் பின்னால் எதிரணியில் பேசப்போகிறவர் ஒரு தம்பி. அவரிடம் ஒரே ஒரு கேள்வி. தம்பி, மேடை ஏறுவதற்கு முன்னால் அந்தத் திரைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தீர்களே, பார்த்தேன். பக்கத்தில் உங்கள் அணித் தலைவர் நின்றார், உங்கள் நண்பர்கள் நின்றார்கள், நாங்களும் நின்றோம். மனிதத் துணைக்குப் பஞ்சமே இல்லை. அப்போது யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பதை மட்டும் இந்த மைக்கில் சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.