வளரும் கட்சி தேர்தலைத் திருப்புவது வாக்கைப் பிரித்தா, கூட்டணியில் சேர்ந்தா? "சேர்ந்தே" அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இரண்டு தேர்தல்களைக் காட்டினார். 2006-ல் விஜயகாந்தின் தே.மு.தி.க. எட்டு சதவீத வாக்கைப் பிரித்தது, அதனால்தான் தி.மு.க.வுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றார். 2016-ல் மக்கள் நலக் கூட்டணி பிரித்தது, அதனால் தி.மு.க. ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பையே இழந்தது என்றார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம்.

ஒரு தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 5,000 வாக்கு. மூன்றாவதாக வந்த புதுக் கட்சி வாங்கியது 20,000. உடனே என்ன சொல்கிறோம்? "அவன் நிற்காவிட்டால் நாம் ஜெயித்திருப்போம்." அந்த 20,000 பேரும் அன்றைக்குச் சாவடிக்கு வந்து இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்குப் போட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோற்றவர் ஜெயிக்க அதில் 12,501 அவருக்கு விழ வேண்டும், எதிராளிக்கு 7,499-க்கு மேல் போகக் கூடாது. நூற்றுக்கு 62, 63 பேர் ஒரே பக்கம் சாய வேண்டும். இவர்களில் 6,000 பேர் "இரண்டு பேருமே வேண்டாம்" என்று வீட்டில் இருந்துவிட்டால்? மீதி 14,000-ல் 9,501 வேண்டும். நூற்றுக்கு 68 பேர்! இரண்டு கட்சிகளின் மேலும் சலிப்பு ஏற்பட்டுத்தான் மூன்றாவது கட்சிக்கு வந்தவர்கள் இவர்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஒரே பெரிய கட்சியின் சொத்து என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வித்தியாசத்தைவிட மூன்றாவது கட்சி அதிகம் வாங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்து "பிரித்துவிட்டான்" என்று தீர்ப்பு எழுதுவது சரியான கணக்கு ஆகாது.

இப்போது 2006-க்கு வருகிறேன். தி.மு.க. அந்தத் தேர்தலில் நின்றதே 132 இடங்களில். வென்றது 96. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 132-ல் 118 என்றால் பத்துக்கு ஒன்பது இடம் ஜெயிக்க வேண்டும். தனிப்பெரும்பான்மைக்கான வாசல் தொகுதிப் பங்கீடு முடிந்த அன்றே பெரும்பாலும் மூடிவிட்டது. காங்கிரசுக்கு 48, பா.ம.க.வுக்கு 31, இடதுசாரிகளுக்கு 23 என்று கொடுத்ததால்தான் கூட்டணி 163 இடங்களைப் பிடித்தது. கொடுத்ததால் ஆட்சியும் வந்தது, கொடுத்ததால் தனிப்பெரும்பான்மையும் போனது. இரண்டுக்கும் காரணம் கூட்டணி. தே.மு.தி.க.வோ 8.4 சதவீதம் வாங்கியும் விருத்தாசலம் என்ற ஒரே ஒரு தொகுதியில்தான் வென்றது.

அதே கட்சி 2009 மக்களவைத் தேர்தலில் இன்னும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 10 சதவீதத்தைத் தொட்டது. இடம்? பூஜ்யம். தி.மு.க. அணி 27, அ.தி.மு.க. அணி 12. பத்துப் பேரில் ஒருவர் முரசு சின்னத்தில் போட்டும் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தனித்து நிற்கும் கட்சி வளர்ந்துகொண்டே போகலாம், அந்த வளர்ச்சி யாருடைய நாற்காலியையும் எளிதில் அசைப்பதில்லை.

2011-ல் தே.மு.தி.க. அ.தி.மு.க.வோடு சேர்ந்தது. இந்த அவை தயவுசெய்து கவனிக்க வேண்டும். 2006-ல் 8.4 சதவீதம், ஓர் இடம். 2011-ல் 7.9 சதவீதம், 29 இடம். வாக்குச் சதவீதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது! ஆனால் அந்த 7.9, நின்ற 41 தொகுதிகளில் மட்டும் வாங்கியது. தொகுதிக்கு என்று கணக்குப் போட்டால் சராசரியாக 45 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இரட்டை இலைக்காரர்கள் முரசுக்குப் போட்டார்கள். மற்ற தொகுதிகளில் முரசுக்காரர்கள் கூட்டணிக்குப் போட்டார்கள். அ.தி.மு.க. 150, அணி 203. தி.மு.க. வென்றது 23 மட்டுமே. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் விஜயகாந்த் உட்கார்ந்தார். ஐந்து வருடம் ஆண்ட கட்சி மூன்றாவது இடத்துக்குப் போனது. இதைவிடப் பெரிய பாதிப்பை ஒரு வளரும் கட்சி ஒரு பெரிய கட்சிக்குச் செய்ய முடியுமா?

எல்லாம் முரசின் வேலை என்று நான் சொல்லவில்லை. அலைக்கற்றை வழக்கு, மின்வெட்டு, ஆட்சி மீதான கோபம் எல்லாம் சேர்ந்த தேர்தல் அது. பா.ம.க.வும் அணி மாறியிருந்தது. வாக்கு மாறி விழுந்ததா என்று பார்க்க விரும்புகிறவர்கள் தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-ஐ எடுங்கள். சாவடி வாரியாக வாக்கு இருக்கும். ஆனால் 2006-ஐ அடிப்படையாக வைத்தால் தவறிப்போவீர்கள், நடுவில் தொகுதி மறுசீரமைப்பு வந்து எல்லைகள் மாறிவிட்டன. புதிய எல்லையில் நடந்த 2009-ன் சட்டமன்றப் பகுதிவாரி எண்களைத்தான் எடுக்க வேண்டும். முரசு 15 சதவீதத்துக்கு மேல் வாங்கிய சாவடிகளை ஒரு பக்கம், 5 சதவீதத்துக்குக் கீழே வாங்கியவற்றை மறு பக்கம் வையுங்கள். இரட்டை இலையின் ஏற்றம் முதல் குவியலில் எவ்வளவு, இரண்டாவதில் எவ்வளவு என்று பாருங்கள். கூட்டணி கொண்டுவந்தது எது, பொதுவான அலை கொண்டுவந்தது எது என்பது அப்போது பிரிந்து தெரியும்.

சேர்ந்துவிட்டால் போதுமா? போதாது. அதே 2011-ல் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் தி.மு.க. அணியில் ஒன்றாக இருந்தார்கள். பா.ம.க. 30-ல் நின்று 3, சிறுத்தைகள் 10-ல் நின்று ஒன்றும் இல்லை. மேடையில் தலைவர்கள் கைகோத்தால் ஊரில் சாதியால் பிரிந்த இரண்டு தெருக்கள் கைகோத்துவிடும் என்று நம்புவது பெரிய தவறு. இன்னொரு சிக்கல் சின்னம். பெரிய கட்சியின் வாக்காளருக்குக் கூட்டாளியின் சின்னம் பழகியிருக்காது. ம.தி.மு.க. 2021-ல் உதயசூரியனிலேயே நின்று 6-ல் 4 வென்றதை இந்த இடத்தில் நினைவில் வையுங்கள். மூன்றாவது, பங்கீட்டு மேசையில் நடக்கும் அவமரியாதை. 2011 மார்ச்சில் அ.தி.மு.க. கூட்டாளிகள் கேட்டிருந்த தொகுதிகளையும் சேர்த்து 160 பேர் பட்டியலை ஒருதலையாக வெளியிட்டது. கூட்டணியே உடையும் நிலை வந்து, பட்டியலைத் திருத்திய பிறகுதான் அணி நின்றது. ம.தி.மு.க. அந்தத் தேர்தலையே புறக்கணித்தது. வாக்குப் போய்ச் சேருமா சேராதா என்பது வேட்புமனுவுக்கு முந்தைய அந்தச் சில நாட்களில் பாதி முடிவாகிவிடுகிறது.

இனி 2016. எதிரணி நண்பரின் பலமான வாதம் இது, அதை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். ராதாபுரத்தில் வெறும் 49 வாக்கு என்று அறிவித்தார்கள். 49 வாக்கில் முடிந்த தொகுதியில் எந்தக் கட்சியைக் குற்றம் சொல்வீர்கள்? நின்ற அத்தனை பேரும் அதைவிட அதிகம் வாங்கியிருப்பார்கள், நோட்டாவும் வாங்கியிருக்கும். தே.மு.தி.க. வரும், பழம் நழுவிப் பாலில் விழும் என்று தி.மு.க. தரப்பு காத்திருந்தது. விழவில்லை. ம.தி.மு.க., சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் ஏற்கெனவே மக்கள் நலக் கூட்டணி என்று தனி அணி அமைத்திருந்தன. தே.மு.தி.க. அங்கே போனது. தி.மு.க. தோற்றது, சேர்க்க முடியாமல் தோற்றது.

ஒரே தொகுதியில் காட்டுகிறேன், காட்டுமன்னார்கோவில். 2016-ல் சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவன் அங்கே 87 வாக்கில் தோற்றார். தி.மு.க. அணியின் வேட்பாளர் தனியாக நின்றார். வென்றது அ.தி.மு.க. 2021-ல் அதே கட்சி, அதே தொகுதி, இந்த முறை தி.மு.க. அணியில். பத்தாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றது. தமிழ்நாடு முழுவதிலும் இதுதான் நடந்தது. 2016-ல் வெளியே நின்ற அந்த நான்கு கட்சிகளும் 2019-ல் தி.மு.க. அணிக்குள் வந்தன. அந்த மக்களவைத் தேர்தலில் தேனி தவிர 38 இடம். 2021 சட்டமன்றத் தேர்தலில் 159.

"2019-ல் அ.தி.மு.க.வும்தானே தே.மு.தி.க.வைச் சேர்த்தது, ஏன் தோற்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைப்பில் "வளரும்" என்ற சொல் இருக்கிறது நடுவர் அவர்களே. தே.மு.தி.க. 2016-ல் 2.4 சதவீதத்துக்கு இறங்கி, அதன் தலைவரே உளுந்தூர்பேட்டையில் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. வளரும் காலத்தில் சேர்ந்த கட்சி ஓர் ஆட்சியையே புரட்டியது. தேய்ந்த பிறகு சேர்ந்தபோது நின்ற நான்கு இடத்திலும் தோற்றது.

கடைசியாக, பிரிப்பதன் பலத்தை முழுதாகச் சோதித்த தேர்தல் 1996. ம.தி.மு.க. தி.மு.க.வின் வயிற்றிலிருந்தே பிரிந்த கட்சி. எடுப்பது பெரும்பாலும் தி.மு.க. வாக்காகத்தான் இருக்கும். 5.8 சதவீதம் எடுத்தது. தி.மு.க. என்ன ஆனது? 173 இடம். புதிதாகப் பிறந்த தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) அதனோடு சேர்ந்து 39 வென்றது, அணி 221. அ.தி.மு.க. நான்கு. இரண்டே வருடத்தில், 1998 மக்களவைத் தேர்தலில் அதே ம.தி.மு.க.வையும் பா.ம.க.வையும் பா.ஜ.க.வையும் சேர்த்துக்கொண்டு அ.தி.மு.க. அணி 39-ல் 30 இடம் வென்றது. நாம் தமிழர் கட்சியையும் பாருங்கள். 2016-ல் ஒரு சதவீதம், 2021-ல் ஆறரை, 2024-ல் எட்டைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் தனித்தே நின்றது. அது எட்டைத் தாண்டிய அதே 2024-ல் தி.மு.க. அணி 39-க்கு 39.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரித்ததால் போனது என்று நீங்கள் சொல்லும் ஒரு தொகுதியை எடுங்கள். மூன்றாவது கட்சியின் வாக்கோடு வித்தியாசத்தைக் கூட்டி இரண்டால் வகுத்து, ஒன்று சேருங்கள். அத்தனை பேர் உங்கள் கட்சிக்குத்தான் வந்திருப்பார்கள் என்பதைச் சாவடி வாரியாக இந்த அவைக்குக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.