மிலான் தோல் கண்காட்சிக்குப் போகிறீர்களா? கூடவே இரண்டு நாள் ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள்

[காட்சி: அதிகாலை, ஆம்பூர் நெடுஞ்சாலை. பிறகு மிலான் மெட்ரோவின் சிவப்புப் பாதை வரைபடம்.]

வணக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இத்தாலியின் மிலான் புதுப் பெயர் இல்லை. பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அங்கே லீனியாபெல்லே கண்காட்சி நடக்கிறது. மூன்று நாள் ஸ்டாலில் நிற்பது, பையரைப் பார்ப்பது, சாம்பிள் கொடுப்பது, நான்காம் நாள் விமானம் ஏறுவது. இப்படியே நாலைந்து முறை போய்வந்தும் ஊருக்குள் கால் வைக்காதவர்கள் நம் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

நேரம் இல்லாததால் அப்படி ஆவதில்லை. கண்காட்சி முடிகிற மாலையில்தான் "எங்கேயாவது போகலாமா" என்ற பேச்சே எழுகிறது. அதற்குள் முக்கியமான டிக்கெட் எல்லாம் தீர்ந்திருக்கும், விசா நாளும் முடிந்திருக்கும். ஊர் பார்க்கும் திட்டத்தை விசா ஃபைலிலேயே சேர்த்துவிட வேண்டும். இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

[காட்சி: விசா ஸ்டிக்கர், நெருக்கத்தில்.]

முதலில் விசா. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். ஆனால் 15 நாளை நம்பி உட்காராதீர்கள். சில சமயம் முடிவு வர 45 நாள் வரை ஆகலாம் என்று விதியிலேயே இருக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. சேவை மையத்தின் கட்டணம் தனி.

வணிக விசாவில் போனால் ஊர் பார்க்கக் கூடாதோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பார்க்கலாம், தடையில்லை. நாள் கணக்கு மட்டும் சரியாக இருக்க வேண்டும். விசா ஸ்டிக்கரில் 'எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை' என்று ஒரு வரி, 'எத்தனை நாள் தங்கலாம்' என்று இன்னொரு வரி இருக்கும். முதல் வரியில் 20 நாள் இடைவெளி தெரிந்தாலும், இரண்டாவது வரியில் 6 என்று இருந்தால் 6 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். கண்காட்சியின் 3 நாளுக்கு மட்டும் அழைப்புக் கடிதம், ஓட்டல், இன்ஷூரன்ஸ் காட்டினால் அதற்கேற்ற நாள்தான் கிடைக்கும். ஆகவே கம்பெனிக் கடிதத்திலேயே "கண்காட்சிக்குப் பிறகு இரண்டு நாள் சொந்தச் செலவில் மிலானில் தங்குகிறார்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஓட்டல் முன்பதிவும் பயணக் காப்பீடும் அந்த இரண்டு நாளையும் சேர்த்தே இருக்கட்டும். காப்பீட்டுத் தொகை குறைந்தது 30,000 யூரோ.

2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் கைரேகை, முகப்படம் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. இமிகிரேஷன் வரிசை முன்பைவிட மெதுவாக நகரலாம். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் பையர் சந்திப்பு வைத்துக்கொள்ள வேண்டாம்.

[காட்சி: மெட்ரோ வரைபடத்தில் ரோ ஃபியரா முதல் துவோமோ வரை விரல் நகர்கிறது.]

அடுத்தது ஓட்டல். மொத்தப் பயணமும் இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது. கண்காட்சி நடப்பது மிலான் ஊருக்குள் இல்லை, வெளியே ரோ என்ற இடத்தில். எம் 1 என்ற சிவப்பு மெட்ரோ பாதையின் கடைசி நிலையம் ரோ ஃபியரா. அதே சிவப்புப் பாதையில்தான் கதோர்னா, கைரோலி, துவோமோ எல்லாம் வரிசையாக வருகின்றன. பார்க்க வேண்டிய முக்கிய இடங்கள் இந்த மூன்று நிலையங்களிலிருந்தும் நடக்கும் தூரத்தில்.

ரோவிலேயே தங்கினால் காலையில் அரை மணி நேரம் மிச்சம். ஆனால் மாலையில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அதைவிடச் சிவப்புப் பாதையில் லோட்டோ, பகானோ, கதோர்னா பக்கம் அறை எடுங்கள். கண்காட்சி வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், தேதி அறிவித்ததுமே போட்டுவிடுவது நல்லது. வாடகை தவிர, தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாக வாங்குவார்கள். அதை மோசடி என்று நினைத்து ரிசப்ஷனில் சண்டை போட வேண்டாம்.

மல்பென்சா விமான நிலையத்திலிருந்து மல்பென்சா எக்ஸ்பிரஸ் ரயில் நேராகக் கதோர்னாவுக்கு வருகிறது. சுமார் 40 நிமிடம். அதே ரயில் சென்ட்ராலே நிலையத்துக்கும் ஒரு பிரிவாகப் போகும், ஏறுமுன் பலகையைப் பாருங்கள். லினாத்தே விமான நிலையத்தில் இறங்கினால் எம் 4 நீலப் பாதை மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. சான் பாபிலாவில் இறங்கிச் சிவப்புப் பாதைக்கு மாறிக்கொள்ளலாம்.

இப்போது சிவப்புப் பாதையில் எல்லோரும் செய்கிற தவறு. துவோமோவிலிருந்து ரோ போகும்போது பகானோ தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ரோ ஃபியராவுக்கு, இன்னொன்று பிஷெல்யேவுக்கு. ஒரே பிளாட்பாரம், ஒரே சிவப்பு நிறம். வந்த ரயிலில் ஏறிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊரின் இன்னொரு மூலையில் போய் நிற்பீர்கள். ரயிலின் நெற்றியிலும் பிளாட்பாரப் பலகையிலும் 'ரோ ஃபியரா' என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் பகானோவிலேயே இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும்.

டிக்கெட்டிலும் ஒரு சிக்கல். ஊருக்குள் சுற்றும் சாதாரண டிக்கெட் 2.20 யூரோ, 90 நிமிடம் செல்லும். ரோ ஃபியரா அடுத்த மண்டலத்தில் இருப்பதால் அதற்கு 2.60 யூரோ டிக்கெட் வேண்டும். கிளம்புமுன் விலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதவில் வங்கி கார்டைத் தட்டி உள்ளே போனால் இந்தத் தலைவலியே இல்லை, தூரத்துக்கேற்ற தொகையை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே வரும்போதும் அதே கார்டைத் தட்ட வேண்டும். உள்ளே போகும்போது கார்டு, வெளியே வரும்போது போன் என்று மாற்றினால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்காகிவிடும். இரண்டு பேர் போனால் இரண்டு கார்டு. நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் முதலில் அணைந்தே இருக்கும். வங்கி செயலியில் போய் இரண்டையும் ஊரிலிருந்தே திறந்து வையுங்கள். அங்கே போய் ஓடிபி வராமல் திண்டாட வேண்டாம்.

[காட்சி: சான்த்தா மரியா தெல்லே கிராத்சியே தேவாலயத்தின் செங்கல் முகப்பு.]

விசா கையில் வந்த அன்றே செய்ய வேண்டியது, லியோனார்டோ டா வின்சியின் 'கடைசி இரவு உணவு' ஓவியத்துக்கு டிக்கெட் போடுவது. இது அருங்காட்சியகத்தில் மாட்டிய படம் இல்லை. ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஏறக்குறைய 1495 முதல் 1498 வரை வரைந்தது. ஒரு தடவைக்குச் சிறு குழு, 15 நிமிடம், அவ்வளவுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை டிக்கெட்டை மொத்தமாகத் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் அடுத்த வாரத்துக்கான சில இடங்களைப் புதன்கிழமை மதியம் அதிகாரபூர்வ தளத்தில் விடுகிறார்கள், அதையும் முயலுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். அரை மணி முன்னால் போய்விடுங்கள். தாமதமானால் உங்கள் முறை போனதுதான். திங்கட்கிழமை விடுமுறை.

ஏன் இத்தனை கெடுபிடி? ஈரச் சாந்தின்மேல் வரைந்தால் நிறம் சுவரோடு ஒன்றாக ஊறிவிடும். ஆனால் காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். லியோனார்டோ நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைகிறவர். அதனால் காய்ந்த சுவரின்மேல் வரைந்தார். நிறம் ஊறாமல் மேலேயே நின்றது, அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியது. பதப்படுத்திய தோலில் சாயம் உள்ளே இறங்காமல் மேற்பூச்சு மட்டும் நின்றால் மடக்கும்போது என்ன ஆகும்? உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் அந்தக் கூடம் இடிந்தபோது, மணல் மூட்டை அடுக்கிப் பாதுகாத்திருந்த இந்தச் சுவர் நின்றது. 20 ஆண்டுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999இல் முடிந்தது. இப்போது பார்வையாளர்கள் கொண்டுவரும் தூசியும் ஈரமும் சேராமல் இருக்கத்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக மூடும் கதவுகள் வழியே உள்ளே விடுகிறார்கள்.

[காட்சி: துவோமோ மேல்தளம், கோபுர முனைகள்.]

துவோமோ பேராலயம். 1386இல் கட்டத் தொடங்கியது. உள்ளே போவதற்கு ஒரு டிக்கெட், மேல்தளத்துக்கு இன்னொன்று, இரண்டும் சேர்த்தும் கிடைக்கும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் மேல்தளத்துக்குப் போங்கள். நம் வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். இங்கே சிற்ப வேலை முழுக்கக் கூரையில் இருக்கிறது, நீங்கள் அதன் நடுவில் நடக்கிறீர்கள். 135 கோபுர முனைகள். பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வெள்ளை என்று நினைத்த பளிங்கில் இளஞ்சிவப்பும் சாம்பலும் ஓடும். காந்தோலியா என்ற மலைக் குவாரியின் கல் அது. பழுதாகும் துண்டுகளுக்கு இன்றும் அங்கிருந்தே கல் வருகிறது. பழுப்பேறிய கல்லும் புதுக் கல்லும் ஒட்டிய கோடு கண்ணுக்கே தெரியும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். படி ஏறினால் டிக்கெட் விலை குறைவு, 250 படிக்கு மேல். மேல்தளம் மாலை 7 மணிக்கு மூடும், கடைசி நுழைவு அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே. ஆகவே கண்காட்சி முடித்துவிட்டு வந்தால் ஏற முடியாது. மீதி வைத்த இரண்டு நாளில் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

வாசலில் கையில் கயிறு கட்ட வருகிறவர்கள், புறாவுக்குத் தானியம் நீட்டுகிறவர்கள் இருப்பார்கள். கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். கட்டிய பிறகு பணம் கேட்பார்கள். மெட்ரோவிலும் சென்ட்ராலேயிலும் பாஸ்போர்ட்டைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

கண்காட்சி நாள்களின் மாலைக்கு ஏற்றது வேறு. துவோமோ பக்கத்திலேயே கண்ணாடிக் கூரை போட்ட கல்லேரியா கடைவீதி, 1877இல் முடிந்தது. எந்த நேரமும் நடக்கலாம், டிக்கெட் இல்லை. அங்குள்ள ஷூ, பை ஜன்னல்கள் முன் நிதானமாக நில்லுங்கள். ஓரம் எப்படிச் சாயம் பூசி மெருகேற்றியிருக்கிறது, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். பையர் ஏன் அந்த ஒரு பேட்சைத் திருப்பி அனுப்பினார் என்பது சில சமயம் அங்கே விளங்கும். இன்னொரு மாலைக்கு, கதோர்னாவில் எம் 2 பச்சைப் பாதைக்கு மாறி மூன்றாவது நிலையமான போர்த்தா ஜெனோவாவில் இறங்கினால் நவீல்யோ கால்வாய்க் கரை. துவோமோவுக்கான பளிங்கு படகில் வந்த நீர்வழி இது.

ஸ்ஃபோர்சா கோட்டைக்குக் கைரோலியில் இறங்குங்கள். முற்றத்துக்குக் கட்டணம் இல்லை. அகழி உண்டு, ஆனால் வேலூர்க் கோட்டைபோல் தண்ணீர் இல்லை, புல்தான். உள்ளே மைக்கேலாஞ்சலோ 1564இல் இறக்கும்வரை செதுக்கிக்கொண்டிருந்த கடைசிச் சிற்பம் இருக்கிறது. ஓரத்தில் முந்தைய வடிவத்தின் கை ஒன்று, வழவழப்பாக, உடலோடு சேராமல் தனியே நிற்கும். அதைத் தேடிப் பாருங்கள். அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும்.

[காட்சி: பச்சை இரும்புக் குழாய், பித்தளை டிராகன் வாய்.]

சாப்பாடு. தெருவோரம் பச்சை நிற இரும்புக் குழாய்கள் நிற்கும், டிராகன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். நல்ல குடிநீர், காசில்லை. பாட்டில் கையில் இருக்கட்டும். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல். ஓட்டல் பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ வரும், அது இருக்கைக் கட்டணம். பல ஓட்டல்களில் மூன்று மணிக்கு மேல் அடுப்பு அணைந்துவிடும், ராத்திரி ஏழரைக்குத்தான் மறுபடி.

சைவக்காரர்கள் கவனிக்க: மிலானின் மஞ்சள் ரிசொத்தோ பார்க்க நம் எலுமிச்சை சாதம் போலிருக்கும். நிறம் குங்குமப்பூ. ஆனால் பாரம்பரியச் சமையலில் மாட்டு எலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும். "சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ" என்று கேளுங்கள், இறைச்சியும் சாறும் வேண்டாம் என்று பொருள். ஹலால் தேடுகிறவர்களுக்கு வியா படோவா தெருப் பக்கம் கடைகள் உண்டு.

இரண்டாவது நாள் மீதம் இருந்தால் எங்கள் பரிந்துரை கோமோ ஏரி இல்லை, விஜேவானோ. மிலானிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், ஷூ தொழிலால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கோட்டைக்குள் காலணி அருங்காட்சியகம் இருக்கிறது, வாசலிலேயே 1490களில் கட்டிய சதுக்கம். மொர்தாரா போகும் ரயிலில் ஏற வேண்டும். எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது என்பதை அன்றைக்கு ட்ரெனார்ட் என்ற ரயில் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைக் கண்டால் உஷார். வேலை நாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாத ரயில்கள் ஓடும். விமான நிலையப் பயணத்தை அந்த நேரத்துக்குள் வையுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.

கடைசியாக, வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது. ஒரே கடையில் ஒரே நாளில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் படிவம் கேளுங்கள், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். மல்பென்சாவில் சூட்கேஸை ஒப்படைக்கும் முன்பே சுங்கச் சரிபார்ப்பை முடியுங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும், பயன்படுத்தியதாகத் தெரியவும் கூடாது. வாங்கிய ஷூவை அங்கேயே போட்டு நடந்துவிட்டு வந்தால் அதிகாரி மறுக்கலாம். துவோமோ கற்பாதையில் நடக்க ஊரிலிருந்து பழகிய பழைய ஜோடியையே கொண்டுபோங்கள், புதியது டப்பாவிலேயே இருக்கட்டும்.