டிரம் கதவும் 'ஆஃப்டர்' என்ற சொல்லும்

எல்லோருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் வகுப்பை முடித்துவிட்டு இப்போதுதான் வேலூர் வீட்டுக்கு வந்தேன், வந்த கையோடு கேமராவை வைத்துவிட்டேன். ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டுப் பேச என்னால் முடியாது.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்களுக்குத் தொழில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் இல்லையா, முதல் வகுப்புக்கு ஐம்பது சொற்களை எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். 'வெட் ப்ளூ' என்றால் ஈர நீலம் என்று விளக்கினேன். பின் வரிசையில் ஓர் அண்ணன் சிரித்துவிட்டார். "டீச்சர், அது கலர் பேரு இல்ல, சரக்கு பேரு." குரோம் உப்பில் பதனிட்டதும் தோல் நீலமாகிவிடும், காய வைப்பதற்கு முந்தைய அந்த நிலைக்குத்தான் அந்தப் பெயராம். லைமிங், பிக்கிளிங், ஷேவிங் என்று தோல் வேலையின் படிகள் எல்லாம் அவர்கள் வாயில் தினமும் புழங்குகிறவை. ஜெராக்ஸ் காசு வீண்.

அவர்கள் தடுக்கி விழுவது குட்டிச் சொற்களில். டிரம் என்றால் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய பீப்பாய். இன்றைக்குப் பலகையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதினேன்: 'ஸ்டார்ட் த டிரம் ஆஃப்டர் யூ க்ளோஸ் த டோர்.' முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் "டிரம்மை ஓட்டுவோம்" என்கிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? 'கதவை மூடிய பிறகு டிரம்மை ஓட்டு' என்பது நம் வழக்கம். வேலை நடக்கிற வரிசையிலேயே வாக்கியமும் போகும். அங்கே 'ஸ்டார்ட்' முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கையும் சுவிட்சுக்குப் போய்விடுகிறது.

ஆனால் 'டிரம் டோர் லாக் ஹேண்டில்' மாதிரி தொடர்களுக்குப் பயப்படவே வேண்டாம். தென்னை ஓலைக் குடிசை என்றால் கடைசியில் இருக்கும் குடிசைதானே பொருள்? இங்கேயும் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள், அது ஹேண்டில். அப்புறம் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் நம் பக்கம். 'வால்வ் பிலோ த டிரம்' (டிரம்முக்குக் கீழே இருக்கும் வால்வ்) என்று வந்தால் மட்டும் உஷார், அங்கே முதல் சொல்தான் தலை.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான 'சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று ஒன்று இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, பெயர்ச்சொற்களை மூன்றுக்கு மேல் கோக்கக் கூடாது என்று கறாராக விதி போட்டிருக்கிறார்கள். 'க்ளோஸ்' என்றால் மூடு மட்டும்தான். அருகில் என்ற பொருளில் எழுதவே கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

அந்த விதிகளைச் சொல்லி, பலகையில் இருந்த வரியை அவர்களையே திருத்தச் சொன்னேன். சிரித்த அண்ணன் எழுதியது: 'க்ளோஸ் டோர். ஸ்டார்ட் டிரம்.'

இரண்டு இடத்திலும் 'த' இல்லை. நான் சிவப்பு மையைத் தொடவில்லை. கதவு முதலில் வந்துவிட்டது, 'த' அடுத்த மாதம் வரட்டும். அதற்கு முன்னால் 'அன்லெஸ்' வேறு இருக்கிறது, அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.