மாவு ஆறியதா?

(தருமபுரியில் நடந்த "பெண் தொழில்முனைவோர் உயரப் பெரிதும் தேவை மூலதனமே! தோழமையே!" என்ற பட்டிமன்றத்தில், தோழமை அணியின் சார்பில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பந்தல் நிறைய அமர்ந்திருக்கும் தருமபுரிப் பெருமக்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, தம் உரையை முடிக்கும்போது ஒரு வரி சொன்னார்: "நாலு பெண்கள் கூடினால் கதை கிடைக்கும், காசு கிடைக்குமா?" பந்தலே கைதட்டியது. முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களும் சேர்ந்து தட்டினார்கள். அதுதான் என் மனத்தைத் தைத்தது. ஆகவே எழுதி வந்த குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லவே எழுந்திருக்கிறேன். பதிலும் ஒரு கதைதான் தம்பி, பொறுமையாகக் கேளுங்கள்.

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். முளைகட்டிய ராகி மாவு விற்கலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. தம்பி வேண்டும் என்று சொல்லும் மூலதனம் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. கடன் வாங்கி, அரைக்கும் இயந்திரம் வாங்கினார். கவர் ஒட்டும் இயந்திரம் வாங்கினார். பெயர் அச்சிட்ட கவர்களைக் கட்டுக்கட்டாக வாங்கி அட்டத்தில் அடுக்கினார். ராகியை ஊறவைத்து, துணியில் மூட்டை கட்டி முளைவிட்டு, காயவைத்து, வறுத்து, அரைத்து, 40 பாக்கெட்டுகளைத் தருமபுரியில் உள்ள ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவது வாரம் கடைக்காரர் வரச்சொன்னார். போனால், பையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மாவு கட்டிகட்டியாக இறுகியிருந்தது; பிரித்தால் மக்கல் வாடை. அக்கா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஊர் திரும்பி, மாட்டுத் தொட்டியில் கொட்டினார்.

ராகிதான் சரியில்லை என்று நினைத்து வேறு இடத்தில் ராகி வாங்கினார், மறுபடியும் கட்டியது. கவர்தான் மெலிது என்று நினைத்து, அட்டத்தில் இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தடித்த கவர் வாங்கினார், மறுபடியும் கட்டியது. வறுப்புப் போதவில்லை என்று நினைத்து இன்னும் வறுத்தார்; மாவு கருகியதே தவிரக் கட்டுவது நிற்கவில்லை. ஒவ்வொரு நினைப்புக்கும் பணம் போனது. தோழமை இல்லாத இடத்தில் மூலதனம் இப்படித்தான் தப்பான வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய்க் கரையும். கடைசியில் இயந்திரத்தின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வற்புறுத்தி அழைத்ததால், மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தம்பி சொன்ன கதை அங்கே நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியம்மா தம் பேத்திக்குக் காது குத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். காது குத்திலிருந்து குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்குப் பேச்சு போனது. சோற்றிலிருந்து சத்துமாவுக்குப் போனது. சத்துமாவு என்றதும் அக்கா வாய் திறந்தார். "என் மாவு மட்டும் ஏன் பெரியம்மா கட்டிக்கிது?" பெரியம்மா திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாவு ஆறுச்சா, சூட்டோட கட்டினியா?"

அன்று இரவே அக்கா சாக்கை விலக்கி இரண்டு படி ராகியை அரைத்தார். கொட்டிய மாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். இயந்திரம் அரைத்த சூடு உள்ளங்கையில் உறைத்தது. ஒரு பாக்கெட்டை அப்போதே ஒட்டினார். மீதி மாவை வெள்ளைத் துணியில் பரப்பி, விடியும்வரை ஆறவிட்டு ஒட்டினார். காலையில் இரண்டையும் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரவு ஒட்டிய கவரின் உள்பக்கம் வியர்த்திருந்தது. கடுகளவு நீர்த்துளிகள் மாவின்மேல் இறங்கி, இறங்கிய இடமெல்லாம் மாவு உருண்டிருந்தது. ஆறவிட்டு ஒட்டிய கவரில் ஒரு துளி இல்லை.

நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்கு எதிரணியினர் விலை போட்டுச் சொல்லட்டும். இயந்திரத்துக்கு விலை உண்டு, கவருக்கு விலை உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. "மாவு ஆறுச்சா" என்ற கேள்வியை எந்த வங்கியில் எந்தப் படிவத்தை நிரப்பி வாங்குவது? அது காது குத்துக் கதையின் நடுவில்தான் கிடைத்தது. பெரியம்மா காது குத்தைப் பேசியிராவிட்டால் சத்துமாவு வந்திராது; சத்துமாவு வந்திராவிட்டால் கடைசி வரிசையில் இருந்த அக்காவின் வாய் திறந்திராது. தம்பி, நீங்கள் கதை என்று ஒதுக்கியதற்குள்தான் காசு இருந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். டீக்கடைப் பெஞ்சில் நாலு ஆண்கள் கூடி, தக்காளி இன்று என்ன விலை, எந்த மண்டிக்காரர் கையோடு பணம் தருகிறார், எந்த வண்டிக்காரர் வாடகை குறைத்துக் கேட்கிறார் என்று பேசினால் அதைத் தொழில் தொடர்பு என்கிறோம். அதே பேச்சைப் பெண்கள் திண்ணையில் பேசினால் ஊர்வம்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெஞ்சு இல்லாததால்தான் எத்தனையோ பெண்களுக்குச் சரக்கின் விலை தெரியாமல் போகிறது. ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கலாம் என்ற செய்திகூட, முன்னால் வாங்கிய ஒருத்தி சொன்னால்தான் பின்னால் வரும் ஒருத்திக்குத் தெரிகிறது.

லிஜ்ஜத் அப்பளம்கூட 80 ரூபாய்க் கடனில்தானே தொடங்கியது என்று தம்பி எடுத்துக்காட்டினார். 1959-இல் பம்பாயில் அந்த 80 ரூபாயை நம்பி மாடியில் அப்பளம் இட உட்கார்ந்தவர்கள் ஏழு பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அகமதாபாத்தில் எலா பட் என்ற அம்மையார், சொந்தமாகச் சிறுதொழில் செய்து பிழைக்கும் ஏழைப் பெண்களுக்காக 1972-இல் 'சேவா' என்ற சங்கத்தைத்தான் முதலில் கட்டினார். வங்கிகள் அந்த ஏழைப் பெண்களை மதிக்காததால், 1974-இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியையே தொடங்கினார்கள். சங்கம் முன்னால் வந்தது. பணம் அதன் பின்னால் நடந்து வந்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் வேர்பிடித்த மண் இது. 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தன் திட்டத்தைத் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004-இல்தான் பிரிந்தது; ஆகவே இந்தப் பெருமையில் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. இன்று குழுக்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நகையும் நிலமும் கேட்காமல் வங்கி எதை நம்பிக் கொடுக்கிறது? ஒருத்தி தவணை கட்டத் திணறினால் மற்றவர்கள் விட்டுவிட மாட்டார்கள் என்பதை நம்பித்தான் கொடுக்கிறது. எதிரணி போற்றும் மூலதனமே எங்கள் தோழமையைப் பார்த்துத்தான் வாசற்படி ஏறுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குழு என்று பெயர் இருப்பதெல்லாம் தோழமை ஆகிவிடாது. சந்தா வசூலித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடும் குழுக்களும் உண்டு. நோட்டை ஒருவரே பூட்டி வைத்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. நான் கேட்கும் கூட்டம் அதுவல்ல. புதிதாகத் தொழில் தொடங்குபவளின் பக்கத்தில் தொழில் தெரிந்த ஒருத்தி முதல் மூன்று மாதமாவது உட்கார வேண்டும். நட்டக் கணக்கைத் தலைகுனியாமல் சொல்ல அங்கே இடம் இருக்க வேண்டும். கவரும் டப்பாவும் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள். இனி நான் வாதாடப் போவதில்லை.

என் அம்மா புளி தட்டியவர். மாசி, பங்குனியில் வீட்டு முற்றத்தில் மலைபோல் புளி குவிந்திருக்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார். பங்குனி முடியும்போது அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். சோற்றில் கைவைத்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். வியாபாரி வருவார், அவரே தராசைப் பிடிப்பார், அவரே விலையைச் சொல்லுவார், அம்மா முந்தானையில் முடிந்துகொள்வார். "பக்கத்து ஊரில் என்ன விலை போகுதுன்னு கேட்டியாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரைப் போய்க் கேக்கறது?" என்றார். அடுத்த தெருவில் பத்து வீட்டு முற்றங்களில் பத்துப் பெண்கள் அதே புளியைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுத்தியல் சத்தம் இன்னொருவருக்குக் கேட்டது; ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியவில்லை. அம்மா இன்று இல்லை. யாரைப் போய்க் கேட்பது என்ற அந்தக் கேள்விக்கு நான் தரும் பதிலாகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மாவு அக்காவிடம் வருகிறேன். போன வருடம் அவர் கணவருக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை. 200 பாக்கெட்டு ஆர்டர் வாங்கி, ராகி முளைவிட்டிருந்த நேரம் அது. இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடிவிட்டார். ஆர்டர் போனது, கடையும் போனது என்று முடிவு செய்து, மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. குழுவிலிருந்து ஐந்து பெண்கள் அவர் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கி, ராகியைக் காயவைத்து, வறுத்து, அரைத்து முடித்திருந்தார்கள். கூடவே அந்தப் பெரியம்மாவும் இருந்தார். மறுமுனையில் கேட்டது அவர் குரல்தான்:

"ஆறிடுச்சு கண்ணு. கட்டலாமா?"

நன்றி, வணக்கம்.