ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: போர்டில் எங்கே பார்ப்பது?

வணக்கம் மக்களே. மேசையில் இருப்பது பழைய எச்61 மதர்போர்டு. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. மானிட்டரையும் கேபிளையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாச்சு, இரண்டும் சரி. உடனே 'போர்டு போயிடுச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று போர்டையே கேட்கலாம்.

முதலில் பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஆஃப் செய்தாலும் 24 பின் கனெக்டரின் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் ராமை உருவக் கூடாது.

இப்போது ராம் இரண்டையும் கழற்றிவிட்டேன். ஓரத்தில் ஸ்பீக்கருக்கான நான்கு பின் இருக்கிறதே, அதில் ஒரு சின்ன பஸ்ஸர். திரும்ப கேபிளைச் செருகி ஆன் செய்கிறேன்... கேட்குதா? விட்டு விட்டு நீளமாக பீப். எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் இது. ராம் இல்லை என்று கத்துவதற்கே ப்ராசஸர் வேலை செய்து, பயாஸ் ஐசியை (கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் புரோகிராம் இருக்கும் சிப்) படித்திருக்க வேண்டும். பாதி போர்டு சந்தேகத்திலிருந்து தப்பித்தது.

சத்தமே வராவிட்டால்? கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். ப்ராசஸர் பக்கத்தில் தனியாக 4 பின் கனெக்டர், மஞ்சள் ஒயரில் 12 வோல்ட். இதைச் செருக மறந்தாலும் ஃபேன் ஓடும், டிஸ்ப்ளே வராது. அப்புறம் வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகள்தான் காயில், ஒட்டித் தட்டையாக இருப்பவை மாஸ்ஃபெட்; இரண்டும் சேர்ந்துதான் அந்த 12 வோல்ட்டைக் குறைத்து ப்ராசஸருக்குக் கொடுக்கின்றன. போர்டு ஆனில் இருக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஸ்க்ரூ ஓட்டையிலும் சிவப்பு முனையைக் காயிலிலும் வையுங்கள். சுமார் 1 வோல்ட் வரவேண்டும். பூஜ்யம் என்றால் ப்ராசஸருக்குக் கரண்டே போகவில்லை. முனை நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல போர்டும் போய்விடும். ராம் ஸ்லாட் அருகில் இருக்கும் காயில் வேறு, டிடிஆர்3 வகை ராம் என்றால் அங்கே 1.5 வோல்ட். உருளையாக நிற்கும் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். எட்டுக் கால், எண்ணுக்குள் 25 என்று இருக்கும் ஐசி பயாஸ். வட்ட பேட்டரி உங்களுக்கே தெரியும், சிஆர்2032.

சரி, நம்ம போர்டு. ராமின் தங்க முனைகளை அழிரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டால் அதே பழைய கதை. அதையே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால்... இதோ, வந்துவிட்டது! முதல் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடிக்கிறேன், பாருங்கள், ஒரு பின் மடங்கியிருக்கிறது. ஊசியால் நிமிர்த்தலாம்தான், பக்கத்துப் பின்னோடு ஒட்டிவிட்டால் வம்பு. இந்த போர்டைக் கொண்டுவந்தவருக்கு டைப்பிங் வேலை மட்டும்தான், இரண்டாவது ஸ்லாட்டில் ஒரே 8 ஜிபி ராமைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.